மலையிறங்கி வரும் ஈஸ்டர்

பெரிய வியாழன் மத்தியானத்துக்கு மேல் எங்கள் அம்மாச்சி வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றால், முதலில் இறங்குவது ஆப்பச்சட்டிதான். துணியில் பொதிந்து, யார் மடியிலோ உட்கார்ந்தபடி போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி வந்திருக்கும். பின்னாலேயே ஒரு வாழைத்தார், ஒரு தூக்குவாளி, தலைசுற்றி முகம் வெளுத்த பிள்ளைகள். அதற்குப் பிறகு கேரளப் பக்கத்து ராஜகுமாரியிலிருந்து மாமாவும் மலையாளத்து அத்தையும். கடைசியாகச் சித்தி இறங்குவார். சித்தி விருந்துக்கு வந்தவர் இல்லை. விடியுமுன் போடியில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், வேலை முடிந்து அதே ஜீப்பில் வீடு திரும்புகிறவர். அன்றைக்கு மட்டும் ஜீப் முழுக்கச் சொந்தக்காரர்கள்.

"வளைவுக்கு வளைவு வாந்தி. ஒரு எலுமிச்சம்பழம் கையில குடுத்து அனுப்பக் கூடாதா?" என்று மாமாவைக் கடிந்துகொண்டே சித்தி செருப்பைக் கழற்றும்போது, அம்மாச்சி உள்ளே இருந்து குரல் கொடுப்பார். "வந்தவுக எல்லாம் கை கழுவுங்க. தேங்கா துருவணும்."

எங்கள் வீட்டு ஈஸ்டர் தொடங்குவது அந்தக் குரலில்தான். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்பது அம்மாச்சியின் சட்டம். வந்தவருக்கு மரியாதை என்றால் நாற்காலி, விசிறி, காபி என்று நினைக்கிறோம். நான்கு நாளும் நாற்காலியிலேயே இருந்தவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் விருந்தை மறந்துவிடுகிறார். உளுந்து அரைத்தவர் மறப்பதில்லை. ஈஸ்டருக்கு உறவைக் கூட்டப் போகிற எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், யார் கையில் என்ன வேலை கொடுப்பது என்று யோசியுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு இந்தக் கூட்டம் எங்கள் வீட்டில் சேராது. ஏலக்காய் மலையின் கணக்கு அப்படி. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு மாசி வாக்கில்தான் ஓயும். இடையில் முப்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சுற்று வரும். டிசம்பரில் காய் சரத்தில் கனிந்து நிற்கும்போது எந்தத் தோட்டத்தில் நாலு நாள் லீவு கொடுப்பார்கள்? பங்குனி, சித்திரையில் கவாத்தும் தண்ணீர் பாய்ச்சலும்தான் வேலை. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் செடியின் தூரில் புதுச் சரம் நீண்டு பூ எடுக்கத் தொடங்கும். கீழ்ச்சரிவில் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். மலைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிற அந்த இடைவெளியில்தான் ஈஸ்டர் வந்து விழுகிறது.

நாளை முடிவு செய்வது நிலாதான். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சங்கம், எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்ற கணக்கு பின்னர் நிலைத்தது. அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் போகாது. பக்கத்துத் தெருவில் பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் போட வைக்கிற அதே பௌர்ணமிதான் பல வருஷங்களில் எங்கள் பாஸ்காவையும் கூட்டி வருகிறது. 2026இல் பௌர்ணமி ஏப்ரல் 2, பெரிய வியாழனன்றே. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5.

மலைக்கு இரண்டு பக்கமும் உறவு எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. தேயிலைக்கும் ஏலத்துக்கும் தமிழர் இந்த மலையேறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூணாறு கார்மேல் மாதா கோயில் 1898இல் எழுந்தது. 1940களின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மத்திய திருவிதாங்கூரிலிருந்து சிரியன் கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்கள் மேற்குப் பக்கமாக ஏறி வந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. கோடு மலைமுகட்டில் விழுந்தது. வேலையும் சந்தையும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோட்டைத் தாண்டியே நடந்தன. ஏலக்காய் மின்னேலமும் கோட்டுக்கு இரு பக்கமும் நடக்கிறது: போடியில் ஒரு மையம், மேலே இடுக்கி மாவட்டம் புற்றடியில் ஒன்று. எங்கள் மாமா ராஜகுமாரியில் பெண் எடுத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஓலை

பாஸ்கா வாரத்தில் கைவேலை என்றால் இப்போது கடைகளில் பிளாஸ்டிக் முட்டையும் அட்டை முயலும் வந்துவிட்டன. பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நமக்கென்று ஒரு கைவேலை குருத்து ஞாயிறன்றே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2026இல் அது மார்ச் 29. கம்பம் பள்ளத்தாக்கில் தென்னைக்கா பஞ்சம்? கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைக் கையில் பிடித்துப் பவனி போய்விட்டு வந்து, பெரும்பாலான வீடுகளில் அதை அப்படியே படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். செருகுவதற்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்துப் பின்னச் சொல்லிக் கொடுங்கள்.

சித்தி பின்னுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். குருத்தோலை வெளிறிய மஞ்சளாக, தொட்டால் மெழுகு போல வழுவழுப்பாக இருக்கும். ஒரு கீற்றை உருவி, நடுவில் ஓடும் ஈர்க்கைக் கட்டைவிரல் நகத்தால் கீறி எடுத்துவிடுவார். இப்போது இரண்டு நாடா. ஒன்றை நெடுக்காக மடித்துப் பிடித்து, இன்னொன்றைக் குறுக்கே வைத்து, நடுவில் சாய்வாக ஒரு சுற்று, எதிர்ச் சாய்வாக ஒரு சுற்று, நுனியைப் பின்பக்கம் செருகி ஒரு இழுப்பு. சிலுவை. நான் மூச்சு விட்டு எண்ணிப் பார்ப்பதற்குள் முடிந்திருக்கும். அந்தக் கைவிரல்களில் நகக்கண் வெடித்திருக்கும், ஓரங்கள் காய்த்திருக்கும். ஏலக்காய் நெல் மாதிரி மேலே நீட்டிக்கொண்டு காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து, சரம் முறியாமல், பூ உதிராமல், விளைந்த காயை மட்டும் தடவிப் பார்த்துக் கிள்ள வேண்டும். "காயி கிள்ளுன கைக்கு ஓல ஒரு வேலையா?" என்பார் சித்தி.

பிள்ளைகளுக்குச் சிலுவை வந்துவிட்டால் அடுத்தது பந்து, அப்புறம் கிளி, கைக்கடிகாரம், ஊதல். ஓலையை ஈரத் துணியில் சுற்றியே வைத்திருங்கள். ஒரு மத்தியான வெயில் பட்டாலும் விறைத்து, மடித்த இடத்தில் கிழிந்துவிடும். பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் இரண்டு சின்னவர்கள் என்று உட்கார வைத்தால் போதும். செல்போன்களைத் தூக்கி மேலே வையுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. இரண்டு கையும் ஓலையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

பிட்டு உண்ணும் அப்பம்

அம்மாச்சியின் வீட்டில் முன்பு பெரிய வியாழனுக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. கோயிலில் பாதம் கழுவும் சடங்கு பார்த்துவிட்டு வந்து இருப்பதைச் சாப்பிட்டுப் படுப்போம். மலையாளத்து அத்தை கல்யாணமாகி வந்த பிறகுதான் பெசகா அப்பம் எங்கள் வீட்டு வழக்கமானது. யூதர்கள் பாஸ்காவுக்குப் புளியாத அப்பம் உண்டதன் நினைவு அது. அதனால் மாவு புளிக்கக் கூடாது. பச்சரிசி மாவை வறுத்துக்கொண்டு, உளுந்தை ஊறவைத்து அரைத்து, தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்துக் கலந்த கையோடு இட்லிப் பானையில் ஏற்றிவிடுகிறார் அத்தை. தட்டில் மாவை ஊற்றியதும் அதன் நடுவில் குருத்து ஞாயிற்று ஓலையில் ஒரு சின்னச் சிலுவை. வெந்து எடுக்கும்போது ஓலை பச்சைப் பழுப்பாகி அப்பத்தில் பதிந்திருக்கும். பக்கத்து அடுப்பில் பெசகாப் பால்: தேங்காய்ப் பால், வெல்லம், சுக்கு, ஏலக்காய்.

இரவு விளக்கேற்றி, செபம் சொல்லி, வீட்டில் மூத்தவர் அப்பத்தை வெட்டி வயது வரிசையில் கொடுக்க வேண்டும். அம்மாச்சிக்கு மலையாளம் தெரியாது. செபம் தமிழில் சொல்வார். அத்தை மெல்லிய குரலில் மலையாளத்தில் சொல்லுவார். இரண்டும் ஒரே சமயத்தில் 'ஆமென்' என்று முடியும்.

அந்த வழக்கத்தில் என்னைக் கட்டிப்போட்ட செய்தி இன்னொன்று. அந்த வருஷத்தில் சாவு விழுந்த வீட்டில் பெசகா செய்ய மாட்டார்களாம். அக்கம்பக்கத்து வீட்டார் அப்பமும் பாலும் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அம்மாச்சியின் தங்கை இறந்த வருஷம், அத்தை தன் வீட்டில் செய்து, தூக்குவாளியில் ஊற்றி, போடிமெட்டு இறங்கி வந்து கொடுத்தார். அம்மாச்சி அழுதுகொண்டே சாப்பிட்டதை நான் பார்த்தேன். உங்கள் உறவில் இந்த வருஷம் துக்கம் கண்ட வீடு இருந்தால், அவர்களை அழைப்பதற்குத் தயங்கிக்கொண்டு நிற்காதீர்கள். அவர்கள் வரவில்லையென்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போங்கள்.

பெரிய வெள்ளி விருந்துக்கான நாள் இல்லை. சிலுவைப் பாதை, கஞ்சி, தேங்காய்த் துவையல், அமைதி. மேலே நெடுங்கண்டம் பக்கம் எழுகும்வயல் குரிசுமலையில் அன்றைக்குக் கூட்டம் கூட்டமாக மலையேறுவார்கள். மாமா ஒரு வருஷம் அங்கே போனால் மறு வருஷம் இங்கே இருப்பார்.

பஞ்சு ஆட்டுக்குட்டி

சனிக்கிழமைதான் வீடு ரெண்டுபடும். பெரியவர்களுக்கு அடுப்படி, பிள்ளைகளுக்குத் திண்ணை.

போடிக்காரர்களுக்கு இலவம் பஞ்சைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் இந்த மாதங்களில்தான் காய் வெடிக்கும். அதில் நாங்கள் பாஸ்கா ஆட்டுக்குட்டி செய்கிறோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆட்டை வரைந்து வெட்டி, மைதாப் பசை தடவி, பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்ட வேண்டும். இலவம் பஞ்சு நூலாகத் திரியாது. பட்டு மாதிரி வழுக்கும், விரலுக்குப் பிடி கொடுக்காது, ஊதினால் கூரைக்குப் போய்விடும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரல் நுனியில் கொஞ்சம் பசையோடு எடுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு அந்தக் காய்க்குள்ளேயே இருக்கும் கறுப்பு விதை. சளி, இழுப்பு உள்ள பிள்ளையை மட்டும் இந்த வேலையில் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு முட்டை வேலை இருக்கிறது.

ஈஸ்டருக்கு ஏன் முட்டை? ஐரோப்பாவில் முன்பு தவக்காலத்தில் முட்டையும் விலக்கப்பட்ட உணவு. கோழிகளுக்கு நோன்பு தெரியாதே. சேர்ந்து கிடந்த முட்டைகள் ஈஸ்டரன்று அவித்துச் சாயமேற்றப்பட்டுப் பரிசாயின. ஓடு உடைந்து உயிர் வெளிவருவதைக் கல்லறை திறந்ததன் அடையாளமாகவும் பார்த்தார்கள். சாயத்துக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். அம்மாச்சி மாசி மாதத்திலிருந்தே சின்ன வெங்காயத் தோலை ஒரு பையில் சேர்த்துவைப்பார். அதைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, இரண்டு கரண்டி வினிகர் விட்டு, வெள்ளை முட்டையைப் போட்டு வைத்தால் செங்காவி நிறம் ஏறும். வினிகரின் புளிப்பு ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரிப்பதால் சாயம் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள்தூளில் மஞ்சள் நிறம். சங்குப்பூவில் நீலம் வேண்டுமானால் வினிகர் விடாதீர்கள், நீர் ஊதாவாகிவிடும். முட்டையின் மேல் ஒரு மல்லித்தழையை ஒட்டவைத்து, பழைய மெல்லிய துணியில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டால், அவிழ்க்கும்போது தழையின் வடிவம் வெள்ளையாக நிற்கும். அந்த முடிச்சை அவிழ்க்கிற நேரத்தில் பெரியவர்களும் வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: போடி வெயிலில் ஒளித்துவைத்துத் தேடி விளையாடிய முட்டைகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு. கோயில் வாசலில் புதுத் தீ மூட்டி, அதில் அந்த ஆண்டின் எண் பதித்த பெரிய மெழுகுதிரியைப் பற்றவைத்து, இருட்டுக்குள் ஒரு திரியிலிருந்து இன்னொரு திரிக்கு வெளிச்சம் கைமாறும். தூங்கி வழிகிற பிள்ளைகளும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். சி.எஸ்.ஐ. சபைகளில் ஞாயிறு விடியுமுன் ஆராதனை. எங்கள் தெருவில் இரு சபையாரும் இருப்பதால், நாங்கள் கோயிலிலிருந்து திரும்பிக் கண்ணயர்கிற நேரத்தில் அவர்கள் வீட்டு விளக்கு எரியத் தொடங்கும்.

கள் ஆப்பமும் ஈஸ்ட் ஆப்பமும்

நாற்பது நாள் கறி விலக்கியவர்களின் ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் காலைக்கு ஆப்பமும் ஆட்டுக்கறி ஸ்டூவும். அத்தையின் பிறந்த வீட்டில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள். மலைக்கு இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே போடியில் இளநீரும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும். அங்கே சாப்பிட்ட ஆப்பத்துக்கு ஒரு மெல்லிய புளிவாடை உண்டு, இங்கே அது வராது. ஓரம் மொறுமொறுப்பில் மட்டும் வித்தியாசமில்லை, ஏனென்றால் சட்டி அந்த ஊர்ச் சட்டி. ஸ்டூவுக்குத் தேங்காயை இரண்டு தடவை பிழிய வேண்டும். இரண்டாம் பாலில் கறியும் உருளைக்கிழங்கும் வேகட்டும். முதற்பாலை இறக்குகிற நேரத்தில் ஊற்றுங்கள், அதன் பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

இதில் ஏலக்காய் போடுகிற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ, உலர்த்தும் ஸ்டோரில் ஒரு நாள் முழுக்க ஐம்பது டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் காய்ந்தால்தான் ஒரு கிலோ உலர்ந்த காய். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2024 கோடையில் வறட்சி தாக்கி இடுக்கித் தோட்டங்களில் செடிகள் காய்ந்து சாய்ந்தன. போடிக் கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயின் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டுக்கு வாங்குவது வாய் பிளந்த காயும் பொடிக்காயும்தான். 8 எம்.எம். பச்சைக் காய் அவர்கள் கை வழியாகப் போகும், அடுப்படிக்கு வராது. சித்திக்கும் அப்படித்தான். அதனால் எங்கள் வீட்டில் ஈஸ்டர் ஒரு நாளுக்கு மட்டும் நல்ல காய் நூறு கிராம், மாமா செலவில். அதைச் சித்தி கையால்தான் பிரிப்போம். தோலைத் தூக்கிப் போடாதீர்கள். தேயிலைத் தூள் டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு வாரத்துக்கு டீ மணக்கும். விதையைச் சர்க்கரையோடு சேர்த்து இடித்தால் மைய இடிபடும்.

மத்தியானப் பிரியாணியைப் பற்றி நீட்ட மாட்டேன். முப்பது பேருக்குச் சீரக சம்பா மூன்று கிலோ, வெள்ளாட்டுக்கறி நான்கு கிலோ, தயிர்ப் பச்சடி, பச்சை மாங்காய்த் தொக்கு. கறியை வெள்ளிக்கிழமையே சொல்லிவைக்கவில்லையென்றால் ஞாயிறு காலையில் நல்ல கறி கிடைக்காது. அதைச் சொல்லவேண்டியது கடமை.

செலவைப் பற்றி நீட்டத்தான் வேண்டும். காய் எடுப்பு முடிந்த மாதங்கள் மலைக்கு ஓய்வு, கூலிக்காரர் வீட்டுக்குக் கை வறண்ட காலம். இந்த நேரத்தில் முப்பது பேருக்கு ஒருவரே விருந்து வைத்தால் அது வைகாசி வரை கடனாகக் கூடவே வரும். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அது நடந்தது. அம்மாச்சி தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு வந்தது பிள்ளைகளான எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து அரிசி ஒரு வீடு, கறி ஒரு வீடு, தேங்காயும் வாழைத்தாரும் மலையிலிருந்து, மளிகை இரண்டு வீடு. சித்தியின் பங்கு ஓலையும் கைப்பாடும். அதைவிடப் பெரிய பங்கு எங்கள் வீட்டில் யாரும் கொடுப்பதில்லை. "விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அரிசி கொண்டு வரச் சொல்வதா?" என்று கூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தினாலேயே எத்தனையோ வீடுகளில் கூட்டம் நின்றுபோய்விட்டது. கேளுங்கள். கேட்டால் உறவு கோபித்துக்கொள்ளாது.

சாப்பாடு எடுத்துவைக்கும்போது முதல் தூக்கு அண்டை வீடுகளுக்கு. 2026இல் திருநீற்றுப் புதனும் ரமலான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. எதிர்வீட்டிலிருந்து நோன்புக்கஞ்சி வந்த வாளி எங்கள் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து இருக்கிறது. அதை வெறும் வாளியாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இந்தத் தெருவில் இல்லை.

திங்கட்கிழமை விடியுமுன் ஜீப் வரும். சித்தி வேலைக்கு, மாமா குடும்பம் ஊருக்கு. ஆப்பச்சட்டி மறுபடி மடியில் ஏறும். பஞ்சு ஆட்டுக்குட்டிகள் ஒரு மாதம் அலமாரியில் நிற்கும், பிறகு பிய்ந்துபோகும். ஓலைச் சிலுவைகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள். காய்ந்ததும் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அடுத்த தவக்காலத்துக்கு நெற்றியில் பூசும் சாம்பல் அந்த ஓலைகளை எரித்துத்தான் எடுக்கப்படுகிறது. 2027இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. அதற்கு முந்தின ஞாயிறே உங்கள் பிள்ளைகள் பின்னிய ஓலையைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.